மூன்று முட்டையும் முன்னூற்றுப் பன்னிரண்டு படமும்

போன சித்திரையில், யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஓரத்தில் ஒரு உப்புக்கொத்தியின் கூடு ஏழு நாளில் இல்லாமல் போனது. அந்த ஏழு நாளில் ஐந்து பேர் அதைப் படம் எடுத்தோம். முதலில் கண்டவன் நான். கூட்டாளிகளுக்குச் சொன்னவனும் நான்தான். பிறகு ஐந்து பேருடைய படங்களையும் வாங்கி, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அதில் தெரிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். கமெராவின் மணிக்கூடு பொய் சொல்லாது. நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைதான் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும். பண்ணைப் பாலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணிக்குள் போய்விடலாம். மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் தரவை அது. மாசி, பங்குனியில் வற்றி, சித்திரையில் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கும். அங்கங்கே உமரிப் பற்றை, ஒரு பக்கம் எந்தக் காலத்திலோ போட்ட வேலியின் மிச்சமாக நாலைந்து கட்டை. தெருக்கரையில் ஆட்கள் கொண்டுவந்து கொட்டும் குப்பை. அந்தக் குப்பையும் கட்டையும் இந்த விசயத்தில் முக்கியமானவை. அன்றைக்கு நான் இரண்டையும் கவனிக்கவில்லை.

பறவையைப் பற்றிக் கொஞ்சம். கையைப் பொத்தினால் உள்ளே அடங்கிவிடுகிற அளவுதான் இருக்கும். மேலே மண் நிறம், கீழே வெள்ளை. விறுவிறென்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். நீண்ட காலமாக இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றுதான் புத்தகங்களில் போட்டிருந்தார்கள். 1915இல் ஒருமுறை தனிப் பெயர் கிடைத்து, பிறகு அது கைவிடப்பட்டு, 2023இல் மரபணு ஆய்வுக்குப் பின் மறுபடி தனி இனமானது. அந்த ஆய்வில் கொழும்புப் பல்கலைக்கழகத்தினரும் இருந்தார்கள். இராமர் அணைப் பக்கம் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் கூடு கட்டுகிறது. மாரிக்கு வந்த வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை சித்திரைக்குள் வடக்கே போய்விடும். அதற்குப் பிறகும் தரவையில் ஒரு சோடி உப்புக்கொத்தி சேர்ந்து திரிகிறதென்றால், அது இங்கேயே முட்டையிடப் போகிற சோடி என்று நினைக்கலாம்.

கூடு என்கிறேன், கண்டால் சிரிப்பீர்கள். மாட்டுக் குளம்பு பதிந்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம், அதைச் சுற்றி உடைந்த சிப்பித் துண்டு, காய்ந்த சேற்றுப் பொருக்கு. நடுவில் மூன்று முட்டை. மணல் நிறத்தில் கறுப்புக் கீறல், பேனா மை தெறித்த மாதிரி. இரண்டு அடி தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் முழங்காலுக்கும் குறைவான உயரத்தில் ஒரு உமரிச் செடி நின்றது. அதன் கொப்பு ஒன்று பள்ளத்தின் மேலே சாய்ந்திருந்தது.

இனி நேரங்கள்.

முதல் நாள், சனிக்கிழமை. என்னுடைய முதல் படம் காலை 6.52. பறவை ஓடுகிறது. 6.58இல் முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்போது நான் முப்பது மீற்றர் தள்ளி நின்றிருப்பேன். அந்தப் படம் போதாதென்று கிட்டப் போனேன். 7.03இல் எழும்பி ஓடிவிட்டது. அதிலிருந்து 7.41 வரை எடுத்த ஒரு படத்திலும் அது முட்டையில் இல்லை. 7.24இல் முட்டைகள் மட்டும், நேர் மேலிருந்து, என் நிழலும் சேர்ந்து. மொத்தம் 312 படம். பறவை முட்டையில் இருக்கிற படம் 14.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நேரம்தான் நிண்டனான், ஒரு பத்து நிமிசம்." பொய் சொல்ல நினைக்கவில்லை. கமெராவுக்குள் கண்ணை வைத்தால் நேரம் அப்படித்தான் போகும்.

இரண்டாம் நாள், ஞாயிறு. நாங்கள் நான்கு பேர். பாங்கில் வேலை செய்யும் ஒரு அண்ணை, கம்பசில் படிக்கிற ஒரு தம்பி, கலியாணப் படம் எடுக்கிற ஒருவர், நான். 7.10 முதல் 8.25 வரை. பறவை இரண்டு தடவை திரும்பி வந்து, இரண்டு தடவையும் ஏழு நிமிசத்துக்குக் குறைவாகத்தான் இருந்தது. நான்கு கமெராவின் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், 75 நிமிசத்தில் 61 நிமிசத்துக்கு மேல் முட்டை தனியாகக் கிடந்திருக்கிறது. அந்தச் சாய்ந்த கொப்பு முட்டையை மறைக்கிறது என்று கலியாணப் படக்காரர் அதை மெல்லமாக மடக்கி ஒரு கல்லை வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மணவறையில் பொம்பிளையின் சேலை மடிப்பைச் சரிசெய்கிற அதே கை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். படம் தெளிவாக வந்தது என்று சந்தோசமும் பட்டோம்.

நாலாம் நாள் தம்பி தனியாகப் போனான். வகுப்பு இல்லாத நேரம், பகல் 10.20 முதல் 10.37. பின்னேரம் ஒரு படத்தை இடத்தின் பெயரோடு முகநூலில் போட்டான். ஐந்தாம் நாள் எங்களில் யாருக்கும் நேரில் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அங்கே போயிருக்கிறார். பின்னர் கேட்டபோது மறுக்காமல் படங்களை அனுப்பினார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஏழாம் நாள், வெள்ளி விடிய நான் போனபோது பள்ளம் மட்டும் இருந்தது. கல் வைத்த கொப்பு காய்ந்து போயிருந்தது.

முதலில் நாய் என்றுதான் நினைத்தோம். யாழ்ப்பாணத்தில் எது காணாமல் போனாலும் முதல் பழி நாய்க்குத்தான். ஆனால் அந்தப் பக்கத்து மண் உப்புப் பொருக்குக்குக் கீழே ஈரம் உள்ளது, கால் வைத்தால் அப்படியே பதியும். நாய் நடந்த அடையாளம் இல்லை. உடும்பு போனால் வால் இழுத்த கோடு இருக்கும், அதுவும் இல்லை. மழை பெய்யவில்லை. மாடு மிதித்திருந்தால் ஓட்டுத் துண்டுகள் பள்ளத்திலேயே கிடக்கும். பள்ளத்தைச் சுற்றி இருந்தவை சப்பாத்துக் கால்கள் மட்டுமே. தெருவிலிருந்தும், வரம்பிலிருந்தும், தண்ணீர்ப் பக்கமிருந்தும் வந்த தடங்கள் எல்லாம் நேராக வந்து அந்த ஒரு இடத்தில் முடிந்தன. கண்ணுக்கே தெரியாத கூட்டை நாங்கள் நாலா பக்கமும் அம்புக்குறி போட்டுக் காட்டி வைத்திருந்தோம்.

வேலிக் கட்டையடியில் ஒரு முட்டை ஓடு கிடந்தது. பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அலகால் குத்தின மாதிரி.

அன்றிரவு கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாம் நாள், 7.32. பறவை கூட்டுக்கு நாலு அடி தள்ளி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பின்னணி முழுக்க மங்கல். இடது மூலையில், மங்கலுக்குள், ஒரு கட்டை. கட்டையின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு. லென்ஸில் தூசி என்று நினைத்து விட்டிருப்பேன், ஆனால் அடுத்த படத்தில் பொட்டு தலையைத் திருப்பியிருந்தது. காகம். 7.32இலிருந்து 8.19 வரை பதினொரு படத்தில் இருக்கிறது. அண்ணையின் படங்களில் இரண்டு காகம். தம்பியின் 10.31 படத்தில் அது கட்டையை விட்டு இறங்கித் தரையில் நிற்கிறது. நான்கு பேர் எடுத்த படங்களில் எங்களோடு சேர்ந்து அதுவும் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அதைப் பின்னணி என்று நினைத்தோம்.

காகத்தைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. மனுசர் குனிந்து பார்க்கிற இடத்தில் தின்ன ஏதோ இருக்கும் என்று அதற்குத் தெரியும். தெருக்கரைக் குப்பையில் அது படிக்கிற பாடமே அதுதான்.

காகம் வராமல் இருந்திருந்தாலும் அந்த முட்டைகள் பொரித்திருக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காரணம் வெயில். வடக்கு நாடுகளில் எழுதிய பறவைப் பட வழிகாட்டிகளில் ஒரு எச்சரிக்கை இருக்கும்: வசந்தகாலக் காலைக் குளிரில் தாயை எழுப்பினால் முட்டை குளிர்ந்துவிடும் என்று. அது அந்த ஊருக்குச் சரி. நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயரில்தான் இளமை. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கட்டைக்கு நிழல் கட்டையடியிலேயே கிடக்கும். கோழி முட்டையை அடைவைக்கும் இயந்திரத்தில் வெப்பத்தை 37.5 பாகை செல்சியஸில் வைப்பார்கள், அதற்கு மேலே சில பாகை கூடினாலே கரு செத்துவிடும். திறந்த தரவையில் பத்து மணி வெயிலில் கையை மண்ணில் வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அந்தப் பறவை முட்டையில் உட்காருவது சூடு கொடுக்க மட்டும் இல்லை, பகலில் அது குடை. இரண்டாவது குடை அந்த உமரிக் கொப்பு. ஒன்றை நாங்கள் துரத்தினோம், மற்றதைக் கல் வைத்து மடக்கினோம். தம்பி போன நேரம் 10.20. அவன் நின்றது பதினேழு நிமிசம்தான். ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் நின்ற முப்பத்தெட்டு நிமிசத்தை விட அது மோசமாக இருந்திருக்கும்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் 7.19 படம். பறவை ஒரு செட்டையை மண்ணில் இழுத்து, வாலை விசிறி போல விரித்து, உடம்பைச் சரித்து நிற்கிறது. பின்னால் விடியல் வெளிச்சம். என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. "உப்புக்கொத்தியின் நாட்டியம்" என்று தலைப்பும் வைத்து அனுப்பினேன். கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அது நாட்டியமில்லை. செட்டை முறிந்த மாதிரி நடித்து, "என்னைப் பிடி, முட்டையை விடு" என்று எதிரியைத் தன் பக்கம் இழுக்கிற வேலை. நரிக்கும் கீரிக்கும் காட்டுகிற நடிப்பு. அதைப் பார்த்தவுடன் திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் முழந்தாளில் இருந்து கோணம் பார்த்தேன். கூட்டருகே எடுத்த பறவைப் படங்களில் செட்டை விரித்ததையும் வாய் பிளந்ததையும் காணும்போது இப்போது எனக்கு முதலில் தோன்றுவது, படம் எடுத்தவர் எவ்வளவு கிட்ட நின்றார் என்பதுதான்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் எடுப்பதும் அழிப்பதும் 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற இடங்களில் கட்டுப்பாடு இன்னும் கூட. ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே, ஒரு தரவையில் நின்று முப்பத்தெட்டு நிமிசம் படம் எடுத்தவனை எந்தச் சட்டமும் பிடிக்காது. நாங்கள் முட்டையைத் தொடக்கூட இல்லை.

எல்லோரும் என் முடிவை ஏற்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கலியாணப் படக்காரர் கேட்டார்: "நாங்கள் போகாட்டிலும் காகம் எடுத்திருக்கும்தானே? காகம் இல்லாத இடம் யாழ்ப்பாணத்திலை எங்கை இருக்கு?" நியாயமான கேள்வி. தரையில் முட்டையிடும் பறவைகள் எப்போதும் நிறையக் கூடுகளை இழக்கும், அதனால்தான் ஒன்று போனால் மறுபடி முட்டையிடும். எங்கள் கூடு எங்களால்தான் போனது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது. காகம் தரையில் இறங்கின படம் எங்கள் ஆள் அங்கே நின்ற நேரத்தில் எடுத்தது என்பதை மட்டும் அவருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

வைகாசியில் இன்னொரு கூடு கிடைத்தது. இந்த முறை ஆட்காட்டி. வெங்காயம் கிண்டி முடித்துத் தரிசாய் விட்ட ஒரு தோட்டக் காணி, ஒழுங்கையோரம். நாலு முட்டை, கூர்முனை உள்ளே பார்க்க ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கின மாதிரி. இதைக் காட்டித் தந்தவர் அங்கே ஆடு மேய்க்கிற ஒரு ஐயா. நான் போனவுடன் பறவை கத்தத் தொடங்கியது. அவர் சிரித்தார்.

"தம்பி, அது கத்தினால் ஆள் நிக்குது எண்டு அர்த்தம். கத்தாமல் இருந்தால்தான் நீர் சரியான இடத்திலை நிக்கிறீர்."

"எவ்வளவு தூரத்திலை நிக்க வேணும் ஐயா?"

"அதைத்தானே அது சொல்லுது."

மீற்றர் கணக்கில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த விதிக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. பின்னால் நடந்தேன். கத்தல் நின்ற இடத்தில் நின்று பார்த்தால், கூட்டுக்கும் எனக்கும் நாற்பது அடியெடுப்புக்கு மேல்.

மற்ற நாள் ஓட்டோவில் போனோம். அண்ணையின் தங்கை புருசனுடைய ஓட்டோ. மனுசன் நடந்து வந்தால் எழும்புகிற பறவை, ஒழுங்கையால் தினமும் போய்வருகிற ஓட்டோவைக் கணக்கெடுப்பதில்லை. என்ஜினை நிறுத்தி, உள்ளேயே இருந்து, இருபது நிமிசத்துக்குப் போனில் அலாரம் வைத்தோம். ஒரு துணிப்பையில் அரைக்கிலோ பயறு போட்டுக் கட்டிக் கம்பியில் வைத்தால் லென்ஸுக்கு நல்ல தாங்கி, விலை கொடுத்து வாங்குகிற முக்காலியை விட அசையாது. கமெராவின் சத்தத்தை நிறுத்திவிட்டோம். காலை ஏழரைக்குப் பிறகு தரையிலிருந்து கானல் எழும்பி, தூரத்துப் படம் எல்லாம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி நெளியும். அந்தக் கானலுக்கு லென்ஸின் விலை தெரியாது. ஆகவே வெயில் ஏறுமுன் போய், வெயில் ஏறுமுன் திரும்புவது பறவைக்கு மட்டும் நல்லது என்று இல்லை.

ஒரு நாள் மட்டும் பிந்திவிட்டது, ஒன்பது மணி தாண்டி ஒழுங்கையால் வந்தோம். ஓட்டோவை வழமையான இடத்தில் நிறுத்தினோம், படம் சரிவராது என்று தெரியும், சும்மா பார்த்தோம். முட்டையில் இருந்த பறவை எழும்பிக் கிணற்றடி வாய்க்காலுக்கு நடந்தது. அவசரமில்லை, கத்தவில்லை. தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்து, வயிற்றை இப்படியும் அப்படியும் ஆட்டி நனைத்தது. பிறகு நெஞ்சுச் சிறகிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் திரும்பி நடந்து வந்து, முட்டைகளுக்கு மேலே காலை அகட்டி நின்று, மெல்ல அமர்ந்தது. முட்டையைக் குளிரவைக்க ஆட்காட்டி வயிற்றை நனைத்துக் கொண்டுவரும் என்று வாசித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். சொட்டின துளி காய்ந்த மண்ணில் ஒரு கரும்பொட்டாகி, நாங்கள் பார்க்கப் பார்க்க மறைந்தது. பறவை எங்களுக்குப் பயந்திருந்தால் அந்த நடையே நடந்திருக்காது. படம் கானலில் நெளிந்துதான் வந்தது. அண்ணை அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

நாங்கள் கண்டதிலிருந்து பத்தொன்பதாம் நாள் மூன்று குஞ்சு. ஒரு முட்டை பொரிக்கவில்லை. பொரித்து அடுத்த நாளே குஞ்சுகள் தாயின் பின்னால் நடந்து காணியை விட்டுப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் படங்களை வெளியே விட்டோம், இடப் பதிவை அழித்து. தம்பி இப்போது படத்துக்குக் கீழே "யாழ்ப்பாணம்" என்று மட்டும் போடுகிறான். "எவ்விடம் புரோ?" என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்குப் பதில் போடாமல் இருப்பதுதான் அவனுக்குக் கஷ்டமாம்.

எல்லாக் கூட்டுக்கும் இந்தப் பாடு வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விறாந்தை வயரில் வருசா வருசம் தேன்சிட்டு கூடு தொங்கவிடுகிறது. கதவு அடிபட்டாலும் பிள்ளைகள் சண்டை பிடித்தாலும் அது அசையாது. அதை நான் கதிரையில் இருந்து தேத்தண்ணியோடு எடுக்கிறேன். ஒரே விசயம், இலையையோ வயரையோ விலக்குவதில்லை.

ஆனியில் சோளகம் பிடித்த பிறகு ஒரு நாள் பழைய தரவையைக் கடந்து போனேன். புழுதி கண்ணைக் கட்டுகிற காற்று. தெருவிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், லென்ஸால் பார்த்தேன். வேலிக் கட்டைகளிலிருந்து நல்ல தூரத்தில் ஒரு உப்புக்கொத்தி ஓடி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதைவிட மிகச் சின்னதாக, பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி, ஓடி நின்றது. அதே சோடிதானா என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் வெள்ளை மண்தான். குஞ்சு இருக்கிற இடத்தை நான் விரல் வைத்துக் காட்டினால்தான் வீட்டில் ஆட்களுக்குத் தெரிகிறது.